பந்தை நிறுத்துகிறவன் பேர்

மைக் பிடிக்கிறவன் பிழைப்பு விசித்திரமானது: ஊருக்கே கேட்கிற மாதிரி பேசலாம், ஆனால் பேசுவதெல்லாம் அடுத்தவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் நான் மைக் செட் கடை வைத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. காதுகுத்து, கல்யாணம், கூழ் ஊற்றுகிற திருவிழா, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம், காணாமல் போன ஆடு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தொண்டைதான். ஆனால் இந்தத் தொண்டை உண்மையில் உயிரோடு இருப்பது வருஷத்தில் ஐந்து நாள். கோடை விடுமுறையில் எங்கள் மைதானத்தில் ஹாக்கிப் போட்டி நடக்கும். வர்ணனை அடியேன்.

ஹாக்கியை நேசித்துப் பாழாய்ப் போன என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லா டீவியிலும் கிரிக்கெட் ஓடுகிற ஊரில் ரிமோட்டுக்காக மன்றாடியிருப்பீர்கள். பெனால்டி கார்னர் என்றால் என்ன என்று வீட்டில் நூறு தடவை விளக்கியிருப்பீர்கள். நூற்றோராவது தடவையாக நானும் விளக்கிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். பெனால்டி கார்னரில் மூன்று பேருக்கு வேலை. ஒருவன் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவான். இரண்டாமவன் வட்டத்துக்கு வெளியே குனிந்து அதை அசையாமல் நிறுத்துவான். மூன்றாமவன் ஓங்கி அடிப்பான். ஊர் தூக்கிவைத்துக் கொண்டாடுவது மூன்றாமவனை.

என் சிநேகிதன் அருள்ராஜ் இரண்டாமவன். மூங்கில்துறைப்பட்டுக்காரன், அப்பா சர்க்கரை ஆலையில் வேலை. பள்ளிக்கூட அணியில் அவன் சென்டர் ஹாஃப், நான் பெஞ்சு. ஓடத்தான் தெரியவில்லை, வாயாவது இருக்கிறதே என்று பி.டி. வாத்தியார் என் கையில் மைக்கைக் கொடுத்தார். அருள் ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்தால் பந்து செத்த மாதிரி கிடக்கும். ஒரே ஒரு தடவை, ஒரு இறுதி ஆட்டத்தில், பந்து எகிறிப் போய்விட்டது. 'அருள்ராஜ் விட்டுவிட்டார்!' என்று நான் மைக்கில் கத்தினேன். அதை அவன் இன்றுவரை மறக்கவில்லை. அந்த அருள் பிறகு இந்திய அணி வரைக்கும் போனான். அவன் இந்தியா சட்டையில் ஒரு பந்தை நிறுத்துவதை ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷமாக என் ஆசை. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

சீட்டு

வர்ணனை சொல்கிறவனுக்கு எதிரி மழை இல்லை, கரண்ட் கட் இல்லை. சீட்டுதான். அன்பளிப்புக் கொடுத்தவர் பேர், சால்வை போடுகிறவர் பேர், தொலைந்த சாவி, தொலைந்த குழந்தை என்று வந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்கிற என் கூட்டாளி முபாரக் பாய் வாங்கிப் படித்து, தேவையில்லாததைக் கிழித்துப் போடுவார். ஒரு வருஷம் அரையிறுதியில் பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

கடைசி நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி கார்னர். மைதானமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. யாரோ என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார்கள். பழக்க தோஷம், கண் பார்த்ததை வாய் படித்துவிட்டது. 'மஞ்சள் கலர் ஸ்கூட்டர் ஆம்புலன்ஸ் வரும் வழியை மறித்து நிற்கிறது, உரிமையாளர் உடனே எடுக்கவும்.' அடிக்க ஓடி வந்தவன் பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பந்து அவன் ஸ்டிக்குக்கு அடியில் புகுந்து போய்விட்டது. ஸ்கூட்டர் அவனுடையது.

டைபிரேக்கரில் மேட்ச் தோற்றுப்போய், வேர்க்க விறுவிறுக்க என் மேசைக்கு வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டேன். அவன் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்: "அண்ணே, ஒரு நிமிசம் பொறுத்து சொல்லியிருந்தீங்கன்னா கோலும் போட்டிருப்பேன், வண்டியயும் எடுத்திருப்பேன்."

நோட்டு

கடையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. ஹாக்கி ஜாம்பவான்களுக்கு நான் மார்க் போடுகிற நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். ரேடியோவில் கேட்ட காலத்திலிருந்து எழுதுகிறேன். என் சட்டம் கறாரானது. ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் ஆடியதற்குத்தான் மார்க். அரையிறுதி, இறுதி என்றால் ஒன்றுக்கு இரண்டு. நாலு நாடு நட்புக்காகக் கூடி ஆடுகிற இடத்தில் ஒருத்தர் நாற்பது கோல் போட்டாலும் என் நோட்டில் அது காதுகுத்து விசேஷம். கொடி ஏறுகிற இடத்தில், கால் நடுங்குகிற இடத்தில் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. பேர்களை மட்டும் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் ஒரு பாகிஸ்தான் விங்கருக்காகவும் மீதிப் பேர் நம்முடைய சென்டர் ஃபார்வர்டு ஒருவருக்காகவும் கம்பெடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவீர்கள். நாடே கொண்டாடிய அந்த சென்டர் ஃபார்வர்டுக்கு என் மார்க் நாற்பத்தொன்று. ஜெர்மனிக்காரனைப் பார்த்தாலே அவருக்குப் பந்து கசந்துவிடும் என்பது என் கட்சி.

இதே சட்டத்தால்தான் பேர் மட்டும் எழுதி, மார்க் போடாமல் விட்ட பக்கமும் அதில் ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.

பேத்திக்குக் காதுகுத்து என்று மைக் செட் சொல்ல வந்த கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர், நான் ஃபோன் பேசி முடிப்பதற்குள் அந்த நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் பதினெட்டு கோல் என்று எழுதி, அடித்து, மூன்று என்று போட்டிருந்தேன். காரணம் கேட்டார். சொன்னேன். மற்றதெல்லாம் சின்ன டீம், கோல் கூடினாலும் சாரம் கிடையாது என்றேன். அவர் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "லோடு எவ்ளோ வந்தா இன்னா, சக்கர ரெகவரி எவ்ளோன்னு கேக்கற. கரும்புக்குத்தான் அப்டி பாப்பாங்க, நீ ஆளயே பிழிஞ்சி பாக்கறியேபா."

இந்தியா ஆடினவரு

எங்கள் பக்கத்தில் 'ஸ்டேட் ஆடினவன்', 'நேஷனல் ஆடினவன்' என்பார்கள். என்ன ஆட்டம், யாரோடு ஆட்டம் என்பதெல்லாம் பேச்சில் வராது. 'இந்தியா ஆடினவரு' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பட்டம் கிடையாது, மேடையில் கலெக்டருக்கு அடுத்த நாற்காலி. அருளுக்கு ஹாக்கியால் சென்னையில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. ஓய்வு பெற்று மூங்கில்துறைப்பட்டுக்கே திரும்பி வந்த வருஷம், எங்கள் போட்டிக்கு அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டோம். நான் குரலை ஒரு படி ஏற்றி, 'இந்தியா ஆடிய நம் மண்ணின் மைந்தர் அருள்ராஜ்!' என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அருள் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"ஆடல," என்றான். "போனேன். பெஞ்சுல குந்தினேன். வந்தேன். நேரமாவுது, ஆட்டத்த ஆரம்பிங்க."

எனக்கு முகம் செத்துவிட்டது. பதினாறு பேரில் பதினாறாவது ஆளாக அவன் ஒரு பெரிய சர்வதேசப் போட்டிக்குப் போனது நிஜம். விமானம் ஏறியது நிஜம், கோட் போட்டு நின்ற குரூப் போட்டோ நிஜம். ஒரு மேட்ச்சில்கூட அவனை உள்ளே விடவில்லை என்பதும் நிஜம். ஆடினவர் என்றால் பொய் என்கிறான். போனவர் என்றால் செத்துப் போனவர் மாதிரி இருக்கிறது. இடம்பெற்றவர் என்று அடுத்த வருஷம் சொல்லிப் பார்த்தேன், அது ஏதோ மியூசியத்தில் வைத்த மாதிரி இருந்தது. தகுந்த சொல் கிடைக்காமல் நான் தவிப்பதைப் பார்த்து முபாரக் பாய் ஒரு யோசனை சொன்னார்: "'இந்தியாவுக்காக உக்காந்தவரு'ன்னு சொல்லிடு தனபாலு, பொய்யும் இருக்காது, மரியாதயும் கம்மியாவாது."

கல்யாணப் பத்திரிகை

எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் பேருக்குப் பின்னால் ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். படித்தவருக்குப் படிப்பு. படிக்காமல் விமானம் ஏறியவருக்கு ஊர். 'சேகர், துபாய்' என்று இருக்கும். அருளின் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தது அவன் மைத்துனர். மாமாவுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமே, அருளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 'அருள்ராஜ், இந்தியா' என்று அச்சடித்துவிட்டார். அதற்கு அடுத்த வரியிலேயே மைத்துனரின் தம்பி 'பீட்டர், சிங்கப்பூர்.' பார்க்கிறவனுக்கு, ஒருத்தர் சிங்கப்பூரில் இருக்கிறார், இன்னொருத்தர் பாவம் இந்தியாவிலேயே இருந்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அருள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு பத்திரிகையாக எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்க ஆரம்பித்தான். நானும் ஒரு கட்டை வாங்கி உதவினேன், வேறு என்ன செய்ய? மத்தியானச் சாப்பாடு ஆறிக் கிடந்தது. "ஏன்டா, ஒரு வார்த்த இருந்துட்டுப் போவட்டுமே," என்றேன். "சட்ட போட்டவன் எல்லாம் ஆடினவன் ஆயிட முடியாதுடா, உன் நோட்டுலயே அப்டித்தான எழுதிக்கீற," என்றான். நான் அடுத்த பத்திரிகையை எடுத்தேன்.

அருளின் மனைவி ஸ்டெல்லா, நாங்கள் பேனாவால் அடித்த பத்திரிகை ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "பொண்ணு கல்யாணப் பத்திரிகையாட்டமா இருக்குது? ஃபெயிலாப் போன பரிட்சப் பேப்பராட்டம் இருக்குது."

பாறை மேல்

ஆடி மாதம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊரில் மாரியம்மன் திருவிழா. மைக் செட் நாங்கள். அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய போட்டியில் இந்தியாவுக்கு அரையிறுதி. அரையிறுதி என்றால் அருள் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்க மாட்டான், ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவான். அதனால் அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

ஊருக்குள் சிக்னல் கிடையாது. பலா மரத்துக்கு அப்பால் ஒரு பாறை இருக்கிறது, அதன் உச்சியில் தெற்குப் பார்த்து நின்றால் இரண்டு புள்ளி வரும் என்றார் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவர். பாட்டு கேசட்டை ஓடவிட்டுவிட்டு நாலு பேரும் பாறையில் ஏறினோம். முபாரக் பாய் ஃபோனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே கடுக்காய் மரங்கள், அதற்கும் கீழே, ஏரித் தண்ணீர் மாதிரி கச்சிராயபாளையம் அணை. மேட்ச் சமநிலையில் இருந்தது. பெனால்டி கார்னர். பந்தைத் தள்ளிவிட்டான், பந்து பாதி தூரம் வந்தது, படம் நின்றுவிட்டது. நடுவில் வட்டம் சுற்றுகிறது. நான் பாயைத் திட்டினேன், பாய் சிக்னலைத் திட்டினார். அருள் மட்டும் அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டே, "நின்னுச்சு," என்றான்.

"எது, படமா?"

"பந்து. அந்தப் பையன் இடது முட்டிய எப்டி எறக்கறான் பாரு. இவன் பந்த வுடமாட்டான். எழுதி வெச்சிக்கோ, கோல்."

படம் திரும்பி வந்தபோது எண் மாறியிருந்தது. கோல்தான். நாங்கள் கத்தியதில் கீழே கோயிலில் பம்பைக்காரர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடித்தவனை எல்லோரும் கட்டிப்பிடிப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அருள் அதைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், மண்டியிட்டவன் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்வது தெரிகிறதா என்று தேடினான். அவன் கண் கலங்கியிருந்தது. கமிட்டிக்காரர் அருளையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்டம் தெரியாத அந்த மனிதர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "கோல் அடிச்சவன வுட்டுட்டு குந்திக்கினு நிறுத்தறவனையே பாக்கறீங்களே, அவரு உங்களுக்கு இன்னா ஒறவு வேணும்?"

டிராக் சூட்

மறுநாள் காலையில் குட்டி யானை வண்டியில் ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஏற்றிக்கொண்டு மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு பாக்ஸ் நகரும், நாங்களும் நகருவோம். கேட்காமலேயே அருள் அந்தப் பெஞ்சுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். இத்தனை வருஷத்தில் அதை அவன் முழுசாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"கடேசி மேட்ச்சு. அஞ்சு நிமிசம் இருக்குது. கோச்சு என்னப் பாத்து கைய காமிச்சாரு. டிராக் சூட்ட கழட்டிட்டு கோட்டு கிட்ட போய் நின்னேன். குளிருன்னா குளிரு, பல்லு அடிக்குது. அப்பல்லாம் மாத்து ஆளு ரெண்டு பேருதான். ஒருத்தன் போய்ட்டான், நான் ரெண்டாவது. பந்து வெளிய போச்சின்னா உள்ள வுடுவாங்க."

"போச்சா?"

"போவலடா. அஞ்சு நிமிசமும் பந்து கோட்ட தாண்டவே இல்ல. ரெண்டு டீமும் அவ்ளோ அழகா ஆடினாங்க. அந்த மாதிரி ஒரு அஞ்சு நிமிச ஆட்டத்த நான் அப்புறம் பாத்ததே இல்ல. விசில் ஊதிட்டாங்க. டிராக் சூட்ட எடுத்து திருப்பி மாட்டிக்கினேன்."

இப்போது மாதிரி யார் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போய் வெளியே வரலாம் என்று அன்றைக்குச் சட்டம் இருந்திருந்தால் ஒரு நிமிஷமாவது ஆடியிருப்பான். நோட்டில் உன் பக்கத்தில் ஒரே ஒரு மார்க்காவது போட்டுக்கொள்கிறேனே என்று கெஞ்சினேன். போட்டால் நோட்டை அடுப்பில் வைத்துவிடுவேன் என்றான். வண்டி இரண்டு வளைவு இறங்கியது. பிறகு, பாக்ஸைக் கட்டிப்பிடித்தபடி முபாரக் பாய் சொன்னார்: "அந்த டிராக் சூட்ட கழட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம் அந்த மனுசன்."

இந்தி

போன கோடையில் எங்கள் போட்டிக்கு ஒரு யோகம் அடித்தது. இந்திய அணியில் ஆடிய மூத்த வீரர்கள் கொஞ்சம் பேர் தென்னாட்டில் காட்சிப் போட்டி ஆடிக்கொண்டு வந்தவர்கள், ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். நீலச் சட்டை, முதுகில் இந்தியா என்று எழுத்து. அதில் வந்த வடநாட்டுக்காரர் ஒருவருக்கு என் நோட்டில் தொண்ணூற்றாறு மார்க். அருள் பெஞ்சில் உட்கார்ந்த அதே போட்டியில் பெனால்டி கார்னர் அடித்தவர் அவர்தான். அதற்கு முன்னால் பயிற்சி முகாமில் தினமும் காலையில் அவருக்குப் பந்தை நிறுத்திக் கொடுத்தவன் அருள்.

ஆடினவர் என்று நான் சொன்னால்தானே பொய் ஆகிறது? அந்த மனிதர் வாயாலேயே, 'இவன் மாதிரி நிறுத்த ஆள் கிடையாது' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? மைதானத்துக்குப் பக்கத்தில் வெயிலுக்கு இளநீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் அருளை இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு இந்தி சுத்தமாக வராது. முபாரக் பாய் உருதுவில் விசாரித்தார். பெரியவர் அருளை உற்றுப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார், மார்பில் கைவைத்து நீளமாக ஏதோ சொன்னார். பாய் என் பக்கம் திரும்பி, "நல்லா ஞாபகம் இருக்குதாம். இந்தக் கை மாதிரி ஒரு கை அப்புறம் பாக்கவே இல்லன்றாரு," என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே மைக்கில் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.

அருள் அவரைப் பார்த்துக் கைகூப்பி, சரளமாக இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னான். அவரும் சிரித்து அவன் தோளில் தட்டினார். பிறகு அருள் பாயின் கையைப் பிடித்துக்கொண்டான், குரலில் கோபமே இல்லை. "பாய், எட்டு மாசம் கேம்புல இந்தியிலதான் திட்டு வாங்கினேன். 'எத்தினியோ பேரு வந்தாங்க, மொகம் ஞாபகம் வரல, மன்னிச்சிக்கோ'ன்னாரு. நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சு."

பந்து

அந்தப் பெரியவருக்கு அங்கேயே பத்து மார்க் குறைத்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தேன். ஆட்டம் எங்கள் ஊர் மூத்தவர்களுக்கும் நீலச் சட்டைக்காரர்களுக்கும். அருளை எங்கள் ஊர் அணிக்குக் கூப்பிட்டார்கள், முட்டி போய்விட்டது என்று மறுத்துவிட்டு டிராக் சூட்டோடு என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது நீலச் சட்டைக்காரர் ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவர்களிடம் மாற்று ஆள் இல்லை. உள்ளூரிலிருந்து யாராவது ஒருவர் வந்து ஆடுங்கள் என்று எங்கள் மேசைக்கு ஒரு நீலச் சட்டையைக் கொடுத்தனுப்பினார்கள்.

சட்டை மேசை மேல் கிடந்தது. அருள் அதைத் தொடவில்லை. "வாணாம்டா," என்றான். முப்பத்தெட்டு வருஷத்தில் சீட்டில்லாமல் நான் சொன்ன முதல் அறிவிப்பு அதுதான்: 'மாற்று ஆட்டக்காரர், மூங்கில்துறைப்பட்டு அருள்ராஜ்.' அவன் என்னைத் திட்டிக்கொண்டே எழுந்தான். டிராக் சூட்டைக் கழட்டி மடித்து என் மேசை மேல் வைத்தான். பந்து வெளியே போவதற்காகக் கோட்டருகே நின்றான். அரை நிமிஷம் காத்திருந்தான். பந்து வெளியே போனது. அவன் உள்ளே போனான்.

இரண்டு நிமிஷம் இருக்கும்போது நீலச் சட்டைக்குப் பெனால்டி கார்னர். அருள் தானாகவே வட்டத்தின் உச்சிக்குப் போய்க் குனிந்தான். பின்னால் அடிக்க அந்தப் பெரியவர். என் வாய்க்குள் அந்த வாக்கியம் தயாராக இருந்தது: 'இதோ, பந்தை நிறுத்துகிறார் அருள்ராஜ்.' எங்கள் மைதானம் புல்தரை கிடையாது, செம்மண்ணும் சரளைக் கல்லும். தள்ளிவிட்ட பந்து கல்லில் பட்டு ஒரு சாண் எகிறியது. அருளின் இடது முட்டி இறங்கியது. ஸ்டிக் தரையோடு படுத்தது. பந்து செத்துக் கிடந்தது. பார்த்தேன், இந்தக் கண்ணால் பார்த்தேன், வாயைத் திறந்தேன். அதற்குள் பெரியவர் ஓங்கி ஒரு அடி. 'கோல்! கோல்! ஒலிம்பிக் நாயகன்! உலகக் கோப்பைச் சிங்கம்!' என்று அவர் பேரையும் பட்டங்களையும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன் நான்தான். முபாரக் பாய் வால்யூமைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மறுபடி மைக்கை எடுத்தேன். அதற்குள் விசில், பட்டாசு, ஜனம் உள்ளே ஓடிவிட்டது. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அருள் நொண்டிக்கொண்டே வந்தான். நீலச் சட்டையைக் கழட்டாமல் அதற்கு மேலேயே டிராக் சூட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். "நோட்டுல ஒண்ணும் எழுதாத. இது ஒலிம்பிக் இல்ல, கள்ளக்குறிச்சி," என்றான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் பேரைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று அழுதே விட்டேன், அறுபத்து மூன்று வயதில், ஆயிரம் பேர் நடுவில். அவன் பாக்ஸ் மேல் உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினான், மெதுவாக, அவசரமே இல்லாமல். பிறகு சொன்னான்: "டே தனபாலு, நிறுத்தறவன் பேர மைக்குல எப்ப சொல்லுவாங்க? பந்து எகிறிப் போனா சொல்லுவாங்க, அன்னிக்கி நீ கத்தலியா? இன்னிக்கி என் பேரு வரல இல்ல, அப்ப நின்னுச்சுன்னு அர்த்தம்."

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் மைக்கில் உருப்படியாகச் செய்தது வழியை மறித்த ஸ்கூட்டர்களை எடுக்க வைத்தது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அருள் பேரைச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தால் இரண்டு ஆகிறது.